வடித்த நீரும் அளந்த நீரும்: சுங்கை பூலோவும் கிள்ளான் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீர் வரலாறும்

சிலாங்கூர் மாநிலத்தின் ஆற்று வடிநிலங்களை வடக்கிலிருந்து எண்ணி வந்தால் சிலாங்கூர் ஆற்றுக்கும் கிள்ளான் ஆற்றுக்கும் இடையே ஒரு சிற்றாறு நிற்கும். மலாய் மொழியில் ‘சுங்கை’ என்பது ஆறு, ‘பூலோ’ என்பது மூங்கில். மூங்கிலாறு என்று பொருள்படும் அந்தச் சுங்கை பூலோ மேற்கே ஓடி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய ஊர் ரப்பர்த் தோட்டங்களாலும், தொழுநோயாளர் குடியிருப்பாலும், ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தாலும் அறியப்பட்ட நாட்டுப்புறமாக நெடுங்காலம் இருந்து, 2016 டிசம்பரில் விரைவு ரயில் தடத்தின் முனையமாகி, இன்று கோலாலம்பூரின் விளிம்பில் வேகமாக வளரும் நகர்ப்புறமாக மாறியிருக்கிறது. இவ்வாறு வளரும் ஒரு வட்டாரத்தில் நிலத்துக்கு அடியில் எவ்வளவு நீர் இருக்கிறது, அதில் எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்வி இயல்பாக எழ வேண்டியது. ஆயினும் கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றில் அந்தக் கேள்வி நூறாண்டு தாமதமாகவே எழுந்தது. நீர் குறைவாக இருந்ததோ அறிவியல் வளராதிருந்ததோ அதற்குக் காரணமன்று. அந்த நூறாண்டும் நிலத்தடி நீர் அளக்க வேண்டிய செல்வமாகக் கருதப்படாமல், வடித்து வெளியேற்ற வேண்டிய இடைஞ்சலாகவே கருதப்பட்டு வந்தது.

பேச்சு வழக்கில் ‘நிலத்தடி நீர்’ என்றால் பூமிக்குள் ஓடும் ஆறு என்றே பலர் எண்ணுவதுண்டு. உண்மையில், மழைநீரில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கி, மண் துகள்களுக்கு இடையிலும் பாறை வெடிப்புகளிலும் நிறைந்து நிற்கும்போது அந்த நிறைவின் மேல் எல்லை நீர்மட்டம் எனப்படும்; நீரைத் தேக்கவும் கிணற்றுக்குத் தரவும் வல்ல அடுக்கு நீர்த்தாங்கி எனப்படும்; மழையால் அது மீண்டும் நிரம்புவது ஊறல் எனப்படும். மலேசியாவின் நீர்வளம் பற்றி ஜப்பானியக் கூட்டுறவு முகமை 1982-இல் முடித்த தேசிய ஆய்வு, நாட்டில் ஆண்டுக்கு 99,000 கோடி கனமீட்டர் மழை பெய்வதாகவும், அதில் 36,000 கோடி ஆவியாகவும் 56,600 கோடி ஆறுகளில் வழிந்தோடவும் 6,400 கோடி மட்டுமே நிலத்தடி நீராக ஊறுவதாகவும் மதிப்பிட்டது. நூறு குடம் மழையில் ஆறரைக் குடமே நிலத்துக்குள் போகிறது என்பது அதன் சாரம். ஆற்றில் ஓடும் ஐம்பத்தேழு குடம் கண்ணுக்கு எதிரே இருக்கையில் மறைந்து கிடக்கும் ஆறரைக் குடத்தை யாரும் நாடவில்லை. நாட்டின் குடிநீரில் மிகப் பெரும்பகுதி இன்றும் ஆறுகளிலிருந்தும் அணைகளிலிருந்துமே வருகிறது.

நிலத்தின் அடுக்குகள்

ஓர் ஊரின் நிலத்தடி நீரைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த ஊரின் பாறையைப் பற்றிப் பேசியாக வேண்டும். சுங்கை பூலோவுக்கு வடகிழக்கே எழும் புக்கிட் லாகோங் கருங்கல் குன்று. வெப்ப மண்டல மழையில் கருங்கல் மேலிருந்து கீழாகச் சிதைந்து, முதலில் செம்மண்ணாகவும், அதன் கீழே பாதி மண்ணும் பாதிக் கல்லுமான சிதைபாறையாகவும், அதற்கும் கீழே வெடிப்புகள் கொண்ட கெட்டிப் பாறையாகவும் மூன்று அடுக்காகிறது. மழைநீர் செம்மண்ணில் இறங்கிச் சிதைபாறையில் தேங்குகிறது. கெட்டிப் பாறையில் வெடிப்பு உள்ள இடத்தில் மட்டும் நீர் உண்டு, இல்லாத இடத்தில் ஒரு சொட்டும் இல்லை. சேலத்திலும் திருச்சியிலும் கிணறு வெட்டிய குடியானவர் நன்கறிந்த உண்மை இது: ஒரே கொல்லையில் இருபதடி தள்ளித் தோண்டிய இரண்டு கிணறுகளில் ஒன்று ஊறும், மற்றொன்று வறண்டு கிடக்கும்.

கோலாலம்பூரை நோக்கித் தெற்கே போனால் மணற்கல் இறுகி உருவான குவார்ட்சைட்டும் களிமண் இறுகி உருவான ஃபில்லைட்டும் மாறி மாறி வரும் ‘கென்னி ஹில்’ பாறைத்தொகுதி வருகிறது. நகரத்தின் ஒரு பகுதிக்கு அடியில், பத்துமலையில் தலைநீட்டும் அதே சுண்ணாம்புக்கல், குகைகளும் பொந்துகளும் நிறைந்ததாக மறைந்து கிடக்கிறது. மேற்கே கடற்கரையை ஒட்டி ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சரளையும் மணலும் களிமண்ணும், அவற்றின் மேல் தாவர மக்கு நிறைந்த கரிச்சதுப்பும் விரிந்துள்ளன. நீர்த்தாங்கி என்ற முறையில் இந்த ஆற்றுப்படிவச் சரளையே செல்வந்தன், கருங்கல் ஏழை, சுண்ணாம்புக்கல் கொடுக்கவும் கெடுக்கவும் வல்லது, ஏனெனில் அதன் பொந்துகளில் நிறைந்து நின்று மேல்மண்ணைத் தாங்கிய நீரை இறைத்துவிட்டால் தரையே திடீரென உள்வாங்கிக் குழியாகிவிடும்.

மண் ஆய்வாளர்கள் சிலாங்கூரின் மண்வகைகளுக்குப் பெயரிட்டபோது சுங்கை பூலோவின் பெயரையும் ஒரு வகைக்கு வைத்தார்கள். ‘சுங்கை பூலோ வரிசை’ எனப்படும் அந்த மண் மணற்பாங்கானது, உரத்தையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைந்தது. பயிர் வைப்பவருக்குக் குறையாகத் தோன்றும் இந்தப் பண்பு நிலத்தடி நீரைப் பொறுத்தவரை நிறையாகும். வேர் பிடித்துக்கொள்ளாத நீர் தடையின்றிக் கீழே இறங்குகிறது.

நீரை இறைத்த லம்பம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் நிலத்தடி நீரோடு முதலில் போராடியவர்கள் ஈயம் தோண்டியவர்கள். 1857-இல் ராஜா அப்துல்லாவின் ஆதரவில் 87 சீனத் தொழிலாளர் கிள்ளான் ஆற்றின் வழியே ஏறிச் சென்று அம்பாங்கில் ஈயம் தோண்டத் தொடங்கியதே கோலாலம்பூரின் தோற்றக் கதை. ஈய மணல் தரைக்குச் சில மீட்டர் கீழே, பெரும்பாலும் நீர்மட்டத்துக்கும் கீழே கிடந்ததால், குழி ஆழமாக ஆழமாக நான்கு பக்கமும் ஊற்றெடுத்துக் குழி நிறைந்தது. மரப்பலகைகளைச் சங்கிலியாகக் கோத்து, ஆற்றுநீரால் சுழலும் சக்கரத்தால் இழுக்கப்பட்ட இறைவைப் பொறி இரவும் பகலும் ஓடினால்தான் மறுநாள் குழிக்குள் இறங்க முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நீராவி இயந்திரப் பம்புகள் வந்து சேர்ந்தபின் குழிகள் இன்னும் ஆழமாயின. சுரங்கம் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைத் தீர்மானித்தது ஈயத்தின் விலை மட்டுமல்ல, நீரை இறைக்கும் திறனும்தான்.

மலேசியத் தமிழர் ‘லம்பம்’ என்று அழைத்த இந்த ஈயச் சுரங்கங்கள், ‘லொம்போங்’ என்ற மலாய்ச் சொல்லின் தமிழ் உருவத்தைத் தாங்கியவை, தம்மை அறியாமலேயே நிலத்தடி நீர் ஆய்வுக்கு ஒரு சான்றை விட்டுச் சென்றன. 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்து, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுப் பம்புகள் நின்றபோது குழிகள் தாமாகவே நிரம்பிக் குட்டைகளாயின. கோடையிலும் வற்றாமல் நிற்கும் ஈயக்குட்டையின் நீர்மட்டம் சுற்றுப்புறத்து நிலத்தடி நீர்மட்டத்தின் வெளித்தோற்றமே. அதாவது குட்டை என்பது நீர்த்தாங்கிக்கு வைத்த சாளரம். சுங்கை பூலோவுக்கு வடமேற்கே, பழைய பத்தாங் பெர்ஜுந்தையான பெஸ்தாரி ஜெயாவின் குட்டைகளிலிருந்து நீரை எடுத்துச் சிலாங்கூர் ஆற்றில் விட்டு, கீழே உள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வலுவூட்டும் திட்டத்தை மாநில அரசு 2014-இன் நீர்ப் பங்கீட்டுக் காலத்தை ஒட்டி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நூறாண்டு முன் எந்த நீரை வெளியேற்றச் செலவழித்தார்களோ அதே நீரை வாங்கிக்கொள்ளச் செலவழிக்கும் நிலை இவ்வாறு வந்தது.

ஊற்றைப் புதைத்த மருத்துவம்

இரண்டாவதாக நிலத்தடி நீரோடு போரிட்டது மருத்துவம். 1901-இல் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றபோது ஊரே மலேரியாவில் விழுந்து கிடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய கிள்ளான் துறைமுகம், சில வாரங்களிலேயே காய்ச்சலால் மூடிவிட வேண்டிய நிலைக்கு வந்தது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் 1897-இல் நிறுவியிருந்ததை நம்பிய வாட்சன், மருந்தைவிட வாய்க்காலை நாடினார். சதுப்பில் காட்டை வெட்டி, வடிகால் தோண்டி, நீர்மட்டத்தைத் தரையிலிருந்து கீழே இறக்கியதும் நிழலான தேங்குநீரில் முட்டையிடும் கொசு குறைந்தது. மறு ஆண்டே சாவுகள் சரிந்தன. உலக மலேரியா ஒழிப்பு வரலாற்றில் கிள்ளானுக்குத் தனியிடம் கிடைத்தது இந்த வடிகாலால்தான்.

கடற்கரைச் சமவெளியில் வென்ற அதே முறை மேட்டு நிலத்துத் தோட்டங்களில் தோற்றது. அங்கே காட்டை வெட்டி ஓடையைத் திறந்துவிடத் திறந்துவிடக் காய்ச்சல் கூடியது. அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்ற கொசு அழுக்குக் குட்டையை வெறுத்து, வெயில் படும் தெளிந்த ஊற்றிலும் குன்றடிக் கசிவிலும் முட்டையிடுவதே அதற்குக் காரணம் என்பதை வாட்சன் கண்டறிந்தார். குன்றில் இறங்கிய மழைநீர் சிதைபாறை வழியே நகர்ந்து, பள்ளத்தின் அடியில் மெல்லக் கசிந்து வெளிப்படுகிறது. நிலத்தடி நீர் ஆற்றுக்குத் தன்னை ஒப்படைக்கும் அந்த இடமே கொசுவின் தொட்டிலாக இருந்தது. ஆகவே இன்றைய சுபாங் ஜெயாவை ஒட்டிய யு.எஸ்.ஜே. பகுதியான சீஃபீல்டு முதலிய தோட்டங்களில் 1910-களில் பள்ளங்களின் ஊற்றுக்கண்களைத் தேடி, சுட்ட மண் குழாய்களை மண்ணுக்கடியில் பதித்து, கசியும் நீரை வெளிச்சமே படாமல் கொண்டுபோய் விட்டார்கள். மூடமுடியாத ஓடைகளின் மேல் எண்ணெய் தெளித்தார்கள்.

இந்த வேலை எண்ணற்ற தோட்டத் தொழிலாளரின் உயிரைக் காத்தது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், ஒரு பள்ளத்தில் எந்த மூலையில் ஊற்று இருக்கிறது, எந்த மாதத்தில் அது பெருகுகிறது, குழாயின் விட்டம் எவ்வளவு இருந்தால் கசிவு முழுவதையும் ஏற்கும் என்பவற்றையெல்லாம் அறியாமல் அந்தக் குழாயைப் பதித்திருக்க முடியாது. நிலத்தடி நீரைப் பற்றிய நுணுக்கமான கள அறிவு அன்றே தேவைப்பட்டது. அந்த அறிவின் நோக்கம் மட்டும் நீரைப் பயன்படுத்துவதாக இல்லாமல் அதை ஒழித்துக்கட்டுவதாக இருந்தது. கடற்கரைக் கரிச்சதுப்பைத் தோட்டமாக்கியவர்களும் இதே வழியில் சென்றார்கள். 1932-இல் நிறுவப்பட்ட வடிகால், நீர்ப்பாசனத் துறையின் பெயரிலேயே வடிகால்தான் முதலில் நிற்கிறது. வடிக்கப்பட்ட கரிச்சதுப்பு காற்றுப்பட்டு மக்கிச் சுருங்கித் தரையே தாழ்வதால், மீண்டும் ஆழமாக வடிக்க வேண்டியிருந்தது. வடிக்க வடிக்கத் தரை தாழ்ந்தது.

லயத்துக் கிணறு

வடிகால் தோண்டியவரும் குழாய் பதித்தவரும் பெரும்பாலும் தமிழர். ஏற்றமும் கவலையும் இறைத்துப் பழகிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்து வரப்பட்ட அவர்கள், இங்கே பகலில் நிலத்தடி நீரை வடித்துவிட்டு மாலையில் அதே நிலத்தடி நீரைக் குடித்தார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு அருகே தாழ்வான இடத்தில் வெட்டிய கிணறோ பக்கத்து ஓடையோதான் தொடக்கக் காலத் தோட்டங்களின் நீர்வழி. தாழ்ந்த இடத்தில் சில மீட்டரிலேயே நீர் கிடைத்ததால் கிணறு வெட்டுவது எளிதாக இருந்தது. அதே தாழ்வினால் லயத்தின் கழிவும் மாட்டுக் கொட்டிலின் கழிவும் மழையோடு அதற்குள் இறங்குவதும் எளிதாக இருந்தது. மலேரியாவுக்கு அடுத்தபடியாகத் தோட்ட மக்களைக் கொன்றது வயிற்றுப்போக்கும் சீதபேதியுமே.

கூட்டு மலாய் மாநிலங்களின் 1912, 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குடியிருப்பு, நல்ல தண்ணீர், கழிப்பிடம், மருத்துவம் ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கின. அதன்பின் கிணற்றுக்குச் சிமெண்டு உறை இறக்குவது, சுற்றிலும் தளம் போடுவது, வாய்க்கு மூடியிடுவது, குன்றிலிருந்து நீரைத் தொட்டிக்குக் கொண்டுவந்து லயத்தின் முனையில் பொதுக்குழாய் வைப்பது போன்றவை படிப்படியாக வந்தன. ஆயினும் கிணறு எளிதில் மறையவில்லை. கிணற்றில் முதலில் தெளிவாக இருக்கும் நீர், காற்றுப்பட்ட சிறிது நேரத்தில் மஞ்சளாகிக் குடத்தின் அடியில் காவி படிவது இங்குள்ள நிலத்தடி நீருக்கு உரிய குணம். கருங்கல்லும் கரிச்சதுப்பும் தரும் இரும்பும் மாங்கனீசும் அதற்குக் காரணம். வெள்ளைத் துணி வெளுக்க ஓடைக்குப் போவதும், குடிநீரைக் காலையில் இறைத்துத் தெளியவைத்து வடிகட்டுவதும் லயத்துப் பெண்கள் எந்த ஆய்வுக்கூடமும் சொல்லித்தராமல் கைக்கொண்ட சுத்திகரிப்பு முறைகள். நீரில் கரைந்த இரும்பைக் காற்றோடு கலக்கச்செய்து படியவைத்தல் என்றே இன்றைய சுத்திகரிப்பு நிலையமும் அதைச் செய்கிறது.

சுங்கை பூலோவில் இந்தத் தோட்ட வாழ்வோடு இரண்டு பெரிய நிறுவனங்கள் சேர்ந்தன. டாக்டர் டிராவர்ஸ் முதலியோரின் முயற்சியால், நோயாளிகளைச் சிறையிடாமல் தோட்ட நகர அமைப்பில் குடியமர்த்தும் நோக்கத்துடன் 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு புக்கிட் லாகோங் காட்டடியில் அமைந்த பள்ளத்தாக்கில் எழுந்தது. காடு மூடிய குன்றின் அடிவாரமே கசிவு நீர் ஆண்டு முழுவதும் ஓடைகளில் நிற்கும் இடம். குடியிருப்பு மக்கள் பிழைப்புக்காகத் தொடங்கிய பூச்செடி வளர்ப்பு, இன்றும் சுங்கை பூலோவைச் செடிப் பண்ணைகளின் ஊராக அடையாளம் காட்டுகிறது.

மற்றொன்று, 1925-இல் சட்டத்தால் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சுங்கை பூலோவில் அமைத்த சோதனைத் தோட்டம். தோட்டத்துரைகள் அதற்கு முன் பால்மரத்துக்கு அடியில் ஒரு புல்லும் இல்லாமல் கொத்திச் சுத்தம் செய்வதைப் பெருமையாகக் கொண்டிருந்தார்கள்; வெறுந்தரையில் விழுந்த மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு ஆற்றில் சேர்த்து, ஈய மணலோடு சேர்ந்து ஆறுகளைத் தூர்த்தது. ஆராய்ச்சிக் கழகம் சரிவுக்குக் குறுக்கே படிக்கட்டு போன்ற சமமட்ட வரிசைகளில் மரம் நடுவதையும், மண்ணை மூடிப் படரும் பயறு வகைக் கொடிகளை வளர்ப்பதையும், வழியும் வண்டலைப் பிடிக்கும் குழிகளை வெட்டுவதையும் பரப்பியது. மண்ணைக் காக்கும் நோக்கில் செய்யப்பட்ட இந்த ஏற்பாடுகள் ஓடும் நீரை நடக்கவும் நடக்கும் நீரை நிற்கவும் வைத்ததால், நிலத்தடி ஊறலுக்கும் துணைநின்றன. ஆராய்ச்சித் தோட்டத்தின் தமிழ்த் தொழிலாளருக்குப் பால்வெட்டோடு இந்தக் குழிகளைத் தூரெடுப்பதும் வேலையாயிற்று. அவர்கள் பராமரித்தது, இன்றைய மொழியில் சொன்னால், ஓர் ஊறல் நிலத்தை.

வறட்சியும் அளவையும்

நிலத்தடி நீரை அளக்கும் கலை இதற்கிடையே உலகில் வளர்ந்து வந்தது. பிரான்சின் திஜோன் நகரில் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீர் எந்த வேகத்தில் கசிகிறது என்ற விதியை 1856-இல் வெளியிட்டார். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் லீ 1915-இல், நீர்த்தாங்கியைக் கெடுக்காமல் ஆண்டுதோறும் எடுக்கக்கூடிய அளவுக்குப் பாதுகாப்பான விளைச்சல் என்ற கருத்தை முன்வைத்தார். சார்லஸ் தெய்ஸ் 1935-இல், ஒரு கிணற்றில் தொடர்ந்து இறைக்கும்போது சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் காலப்போக்கில் எப்படி இறங்கும் என்பதற்குச் சமன்பாடு தந்தார். 1940-இல், கிணற்றில் எடுக்கும் ஒவ்வொரு குடமும் சேமிப்பிலிருந்தோ, ஆற்றுக்குப் போக வேண்டிய கசிவிலிருந்தோ, புதிதாக ஈர்க்கப்படும் ஊறலிலிருந்தோதான் வந்தாக வேண்டும் என்று விளக்கினார்.

மலாயாவில் முதல் அரசு நிலவியலாளராக ஸ்கிரிவனர் 1903-இலேயே பணியில் அமர்ந்தார் என்றாலும், அவரும் அவருக்குப்பின் வந்த துறையும் முதன்மையாகத் தேடியது ஈயத்தையும் பிற கனிமங்களையுமே. நிலத்தடி நீரை நம்பிய நகரம் என்று சொல்ல, கிழக்குக் கரையில் கிளந்தானின் கோத்தா பாரு இருந்தது; ஆற்றுப்படிவ மணலில் பதித்த கிணறுகளிலிருந்து 1935 முதல் குடிநீர் பெற்று வரும் அந்த நகரத்தின் மாநிலம் இன்றும் நாட்டிலேயே நிலத்தடி நீரை மிகுதியாகப் பயன்படுத்துகிறது. சிலாங்கூருக்கோ அணையும் ஆறும் போதுமானவையாகத் தோன்றின. 1950-களின் இறுதியில் எழுந்த கிள்ளான் கேட்ஸ் அணையும், அதன்பின் லங்காட், செமினி அணைகளும், சிலாங்கூர் ஆற்றின் பெருந்திட்டங்களும் குழாய்நீரைத் தோட்டங்கள் வரை கொண்டுவந்தன. 1966-இன் தொழிலாளர் குறைந்தபட்சக் குடியிருப்புத் தரச் சட்டத்தின் பின் லயத்தின் கிணறு காப்புக் கிணறாகி, பிறகு குப்பைக் குழியாகியது.

இந்த நம்பிக்கையைக் குலைத்தது 1998. எல் நினோ வறட்சியால் அணைகள் இறங்கி, கிள்ளான் பள்ளத்தாக்கின் தென்பகுதி மாதக்கணக்கில் நீர்ப் பங்கீட்டில் வாழ்ந்தது. லாரித் தண்ணீருக்கு வாளிகளோடு காத்து நின்றவர்களில் குழாய் வந்தபின் கிணற்றைத் தூர்த்த குடும்பங்களும் இருந்தன. 1999-இல் சிலாங்கூர் நீர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டு, ஆற்றுநீரோடு நிலத்தடி நீர் எடுப்பதும் மாநில வாரியத்தின் உரிமத்துக்குள் வந்தது. அதே ஆண்டு நிலவியல் துறையும் சுரங்கத் துறையும் இணைந்து கனிம, புவியறிவியல் துறையாயின. அந்தத் துறையும் ஜப்பானியக் கூட்டுறவு முகமையும் சேர்ந்து லங்காட் வடிநிலத்தில் நடத்தி 2002 மார்ச்சில் முடித்த நிலத்தடி நீர்வள, சுற்றுச்சூழல் மேலாண்மை ஆய்வுதான் கிள்ளான் பள்ளத்தாக்கை ஒட்டிய பகுதியில் இக்கேள்வியை முழுமையாக எழுப்பியது.

அந்த ஆய்வுக்கு லங்காட் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. வளரும் நாட்டுப்புறம் என்ற சொல் அன்று அதைவிட வேறெந்த வட்டாரத்துக்கும் பொருந்தவில்லை. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே சிப்பாங் விமான நிலையமும் புத்ராஜெயாவும் சைபர்ஜெயாவும் எழுந்துகொண்டிருந்தன, பந்திங் பக்கத்தில் எஃகு ஆலை உள்ளிட்ட தொழிற்சாலைகள் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து இறைத்துக்கொண்டிருந்தன. கடலை ஒட்டிய அந்தச் சமவெளியில் களிமண் போர்வைக்குக் கீழே சரளையும் மணலும் தடித்த நீர்த்தாங்கியாகக் கிடக்கின்றன. அளவுக்கு மீறி இறைத்தால் மூன்று தீங்குகள் வரலாம்: களிமண் இறுகித் தரை தாழலாம், கடல்நீர் உட்புகலாம், மேலே உள்ள சதுப்பும் பாயா இண்டா போன்ற ஈரநிலங்களும் வற்றிக் கரிச்சதுப்பு தீப்பிடிக்கலாம்.

இத்தகைய அளவை நடக்கும் முறை பொறுமையை வேண்டுவது. முதலில் துளையிட்டு ஒவ்வோர் அடுக்கின் மண்ணையும் வரிசையாகப் பெட்டியில் அடுக்குகிறார்கள். இறைக்கும் கிணற்றைச் சுற்றிப் பல தொலைவுகளில் நோக்குக் கிணறுகளை அமைக்கிறார்கள். பிறகு பம்பை ஒரே சீரான வேகத்தில் நாள்கணக்கில் ஓடவிட்டு, முதலில் நிமிடத்துக்கொருமுறையும் பின்னர் மணிக்கொருமுறையும் நீர்மட்டம் இறங்குவதைக் குறிக்கிறார்கள். பம்பை நிறுத்தியபின் மட்டம் ஏறுவதையும் அதே பொறுமையோடு குறிக்கிறார்கள். ஏறும் வேகமே நீர்த்தாங்கியின் உடல்நிலை. அந்த எண்களைக் கொண்டு கணினியில் வடிநிலத்தின் மாதிரி அமைக்கப்பட்டு, இவ்வளவு இறைத்தால் இந்த ஆண்டில் இந்த இடத்தில் இவ்வளவு இறங்கும் என்று பார்க்கப்படுகிறது. எவ்வளவு நீர் இருக்கிறது என்று தொடங்கும் வேலை, எந்தத் தீங்கு வரும் வரை எடுக்கலாம் என்ற கேள்வியில் முடிகிறது.

1998-க்கு அரசு கண்ட பெரிய விடை நிலத்தடியில் இல்லை. பகாங் மாநிலத்தின் செமந்தான் ஆற்றுநீரைத் தீத்திவாங்சா மலைத்தொடரின் ஊடே 44.6 கிலோமீட்டர் சுரங்கவழியில் கொண்டுவருவதே அது. அந்தச் சுரங்கவழி 2014-இல் மலையைத் துளைத்து முடிந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர் மீண்டும் நீர்ப் பங்கீட்டில் இருந்தது.

சுங்கை பூலோவின் கணக்கு

சுங்கை பூலோவின் ரப்பர் ஆராய்ச்சி நிலத்தில் 2,330 ஏக்கர், ஊழியர் சேமநிதி வாரியத்தின் துணை நிறுவனத்தால் குவாசா டாமான்சாரா என்ற நகரமாக்கப்படுகிறது. ஏறத்தாழ 1,50,000 பேர் குடியேறுவார்கள் என்பது திட்டம். இந்த ஒரு நிலத்தைக் கொண்டு எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். 2,330 ஏக்கர் என்பது சுமார் 943 ஹெக்டேர். ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் மழை என்று கொண்டால் அதன்மேல் விழுவது சுமார் 2 கோடியே 26 இலட்சம் கனமீட்டர். 1982 ஆய்வின் நாடு தழுவிய விகிதத்தின்படி நூற்றுக்கு ஆறரைப் பங்கு ஊறினால் ஆண்டுக்குச் சுமார் 14 இலட்சத்து 60 ஆயிரம் கனமீட்டர், அதாவது நாளொன்றுக்கு 40 இலட்சம் லிட்டர். தலைக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் என்றால் அது 20,000 பேருக்குப் போதும்.

இந்தக் கணக்கு தோராயமானது. பாறையின் வெடிப்பும் மண்ணின் மணலும் அதை மேலோ கீழோ நகர்த்தும். ஆனால் தெய்ஸ் சொன்னதை நினைவில் கொண்டால், அந்த 40 இலட்சம் லிட்டரும் எடுக்கத்தக்கதன்று. மழையில்லா நாள்களில் ஓடைகளை ஓடவைப்பது அதே நீர்தான். மேலும் அது திறந்த மண்ணின் கணக்கு. தார்ச்சாலையும் கூரையும் மூடியபின் அதே மழை ஊறாமல் வெள்ளமாகிறது. நகரம் மண்ணை மூடும் அதே வேளையில் ஒழுகும் குழாய்கள் வழியே நிலத்துக்கு நீர் ஊட்டுவதும் உண்டு. சிலாங்கூரில் 2010-களில் சுத்திகரித்த நீரில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிக் கணக்கில் வராமல் போயிற்று, அதில் ஒரு பகுதி நீர்மட்டத்தைச் சேர்ந்திருக்கும். காட்டின் ஊறல் இலவசம். நகரத்தின் ஊறலோ பகாங்கிலிருந்து மலையைக் குடைந்து கொண்டுவந்து சுத்திகரித்த நீர்.

இங்கிருந்து பார்க்கும்போது, கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு அளவையின் வரிசையைத் தலைகீழாக்கிக் கொண்டது தெரிகிறது. வடித்தபின் மூடினார்கள், மூடியபின் வறட்சி வந்தது, வறட்சி வந்தபின் அளந்தார்கள். வளரும் வட்டாரத்துக்கு உகந்த வரிசை இதற்கு நேர் எதிரானது: மண் திறந்திருக்கையில் ஊறலை அளந்து, எந்தச் சரிவை மூடாமல் விடுவது, எந்தப் பள்ளத்தில் மழையைத் தேக்குவது, வறட்சி ஆண்டுக்கென்று எந்தக் கிணற்றைத் தொடாமல் வைப்பது என்பதை வீட்டு வரைபடத்துக்கு முன்னே தீர்மானிப்பது.

அதற்கு வேண்டிய அடிப்படைக் கருவி மிக எளியது. தமிழ்நாட்டில் நிலத்தடி நீர்வளத்தை வருவாய் வட்டத்தின் உட்பிரிவான ஃபிர்கா வாரியாக மதிப்பிட்டு, ஊறலில் நூற்றுக்கு 70 பங்கு வரை எடுத்தால் பாதுகாப்பானது, 100-ஐத் தாண்டினால் மிகைநுகர்வு என்று வகைப்படுத்துகிறார்கள். அந்த மதிப்பீட்டின் அடித்தளம், மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம் அளக்கப்பட்டு வரும் நோக்குக் கிணறுகள், அவற்றில் பல சாதாரண ஊர்க் கிணறுகள். அந்த ஊர்களிலிருந்து வந்தவர்களின் லயங்களிலும் கிணறுகள் இருந்தன. எந்தக் கோடையில் கயிறு எத்தனை முழம் நீண்டது என்பது இறைத்தவர்களின் கைக்குத் தெரிந்திருந்தது. தோட்டங்கள் விற்கப்பட்டு லயங்கள் இடிக்கப்பட்டபோது, எவரும் ஏட்டில் ஏற்றாத அந்த அளவுகளோடு கிணறுகளும் செம்மண் போட்டுத் தூர்க்கப்பட்டன.